இணையத்தளம் கட்டுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள்

ஒன்லைனில் ஏதாவது விற்க வேண்டும் என்று நினைக்காத மாணவிகள் எங்கள் உயர்தர வகுப்பில் குறைவு. ஒருத்தி கேக் செய்கிறாள். ஒருத்தி அபாயாவுக்குக் கல் பதிக்கிறாள். இன்னொருத்தி பெருநாள் நெருங்கும்போது மருதோன்றிக் கோன் சுற்றி விற்கிறாள். இவர்களிடம் “உனக்கென்று ஓர் இணையத்தளம் வைத்துக்கொள்ளலாமே” என்றால், உடனே வரும் கேள்வி “அதுக்கு எவ்வளவு முடியும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னர் விடை காண வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றுக்குக் கணினியே தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

இதைப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து நான் எழுதவில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரான மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே என் சாச்சி சாறன் நெய்கிறார். வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் சாச்சி, மற்றதில் கூலிக்கு நெய்யும் அயல்வீட்டு மாமி. மாதத்துக்கு ஏறக்குறைய 60 சாறன்கள் இறங்கும். அவற்றை முதலாளி ஒருவர் மொத்தமாக எடுத்துச் செல்வார். இயந்திரத்தில் நெய்த சாறன்கள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் இவ்வாண்டு தொடக்கத்திலிருந்து அவர் பாதியைத்தான் எடுக்கிறார். மீதி அலுமாரியில் அடுக்கிக் கிடக்கிறது. ஒரு தறியை விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தது. தறி போனால் மாமியின் கூலியும் போகும்.

அப்போதுதான் வாப்பா, “விக்கிறதுக்கு முதல், இணையத்தில குடுக்க ஏலுமா எண்டு ஒருக்காக் கணக்குப் பாப்பம்” என்றார். உயர்தரத்தில் நான் கணக்கீடு, பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய பாடங்களைக் கற்பதால் வேலை என்னிடம் வந்தது. ஆறு வாரங்கள் எடுத்துத் திட்டத்தை எழுதினேன். அந்தக் கொப்பியின் சுருக்கமே இக்கட்டுரை. சாறனுக்குப் பதிலாகக் கேக், அபாயா, பன்பாய் என்று எதை வைத்தாலும் படிமுறை ஒன்றுதான்.

கையின் வேலையைப் பக்கம் செய்ய வேண்டும்

உலகின் முதலாவது இணையத்தளத்தை ரிம் பேர்னர்ஸ் லீ என்ற விஞ்ஞானி 1991இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் இயங்க வைத்தார். நான்கு ஆண்டுகளில் அதில் வியாபாரமும் வந்துவிட்டது. 1995 ஜூலையில் அமேசன் தன் கடையைத் திறந்தபோது அது விற்றது புத்தகங்களை மட்டுந்தான். ஏன் புத்தகம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் பதிப்பும் தெரிந்தால் போதும், என்ன வரப் போகிறது என்று வாங்குபவருக்குத் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

துணி அப்படியல்ல. கடையில் சாறன் வாங்க வரும் ஒருவர் என்ன செய்கிறார்? விரலுக்கிடையில் பிடித்துத் தடிப்பைப் பார்ப்பார். விரித்து இடுப்பில் வைத்து உயரத்தைப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்பார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் முடியாது. ஆகவே இணையத்தளத்தைத் திட்டமிடுவது என்பதன் பொருள், அந்தக் கையும் வாயும் கேட்பவற்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வருபவை.

முதல் வேலை: கேள்விகளைச் சேர்த்தல்

இரண்டு வாரங்கள், சாச்சியின் வீட்டு வாசலுக்கு வந்து சில்லறையாக வாங்கியவர்களும், வட்ஸ்அப்பில் விசாரித்தவர்களும் கேட்டவற்றை அப்படியே எழுதினேன். திரும்பத் திரும்ப வந்தவை இவை:

• தைத்த சாறனா, தைக்காததா?
• உயரமான ஆளுக்குக் காணுமா?
• கழுவினால் சாயம் போகுமா? சுருங்குமா?
• முழுக்கப் பருத்தியா, கலப்பா?
• இதே கரையில் வேறு நிறம் இருக்கா?
• கொழும்புக்கு அனுப்ப எத்தனை நாள்? செலவு யாருக்கு?
• பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா?

“உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?” என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் நான் பார்த்த பல தளங்களில் முதற்பக்கத்தை நிரப்பியிருப்பது அதுதான். வாங்க வருபவர் கேட்பது ஒன்று, தளம் சொல்வது இன்னொன்று. இந்த இடைவெளியை மூடுவதற்குக் காசு தேவையில்லை, காதைத் திறந்து வைத்தால் போதும்.

யாருக்கு விற்கிறோம்?

“எல்லோருக்கும்” என்று எழுதினால் திட்டம் அந்த வரியிலேயே நின்றுவிடும். எங்கள் கொப்பியில் இரண்டு வகையினரைக் குறித்தோம். ஒரு வகையினர் ஊரைவிட்டுக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்பவர்கள். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ஊர்ச் சாறன் உடுக்க விரும்புகிறவர்கள். மற்ற வகையினர் கைத்தறியை மதிக்கும் பிற ஊரவர்கள். அவர்களில் பலர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாசிப்பவர்கள்.

இன்னொன்றையும் கவனித்தோம். சாறனை உடுப்பவர் ஆண். தெரிந்தெடுப்பவர் பெரும்பாலும் பெண். மகள் வாப்பாவுக்கு வாங்குகிறாள், மனைவி கணவனுக்கு வாங்குகிறாள். எனவே “உங்கள் இடுப்பளவு என்ன?” என்று கேட்காமல், “உடுப்பவரின் உயரம் இவ்வளவென்றால் இதைத் தெரிவு செய்யுங்கள்” என்று எழுத வேண்டும் என்று தீர்மானித்தோம். யாருக்கு என்று தெரிந்தவுடன் வசனமே மாறிவிடுவதைப் பாருங்கள்.

மொழியும் இங்கேதான் முடிவாகிறது. மூன்று மொழிகளிலும் எல்லாவற்றையும் எழுத எங்களிடம் ஆள் இல்லை. ஆகவே பொருளின் பெயர், அளவு, விலை, அனுப்பும் முறை ஆகிய நான்கையும் மூன்று மொழிகளிலும், மற்றவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருவதாகத் திட்டமிட்டோம். சிங்கள வசனங்களை எங்கள் சிங்கள ஆசிரியை திருத்தித் தந்தார். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே போடுவதைவிட நான்கு வசனங்களைச் சரியாகப் போடுவது மேல்.

பெயரும் முகவரியும்

அமேசனுக்கு முதலில் வைத்த பெயர் வேறு. “கடாப்ரா” என்று வைத்திருந்தார்கள். தொலைபேசியில் அதைக் கேட்ட ஒருவருக்குப் பிணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்ததால் மாற்றினார்கள். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பரிசோதனை இலகுவானது. தெரிவு செய்த பெயரைத் தொலைபேசியில் ஐந்து பேருக்குச் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால் அந்தப் பெயர் முகவரிக்கு உதவாது. எங்கள் ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். ஆகவே முகவரியில் ஊர்ப்பெயரைத் தவிர்த்தோம். தளத்தின் தலைப்பில் மட்டும் அதை வைத்தோம்.

இலங்கைத் தளங்களுக்குரிய முகவரி ‘.எல்கே’ என்று முடியும். 2010ஆம் ஆண்டிலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. முகவரி கடை உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். தளம் செய்து தருபவர் “நானே என் பெயரில் எடுத்துத் தருகிறேன்” என்றால் சம்மதிக்காதீர்கள். நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயர்ப்பலகை அவர் கையில் இருக்கும். முகவரி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதோடு, வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிந்துகொள்வதும் நல்லது. வியாபாரத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கப் போகும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

“முகநூல் பக்கம் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கலாம். முகநூலை விட வேண்டியதில்லை. ஆட்கள் இருக்கும் இடம் அது. ஆனால் அது வேறொருவரின் சந்தைக்குள் நாம் பாய் விரித்திருக்கும் இடம். கணக்கு முடக்கப்பட்டால் வாடிக்கையாளரையும் இழந்து, படங்களையும் இழந்து நிற்போம். மறுபக்கம், தளத்தைத் திறந்துவிட்டால் ஆட்கள் தாமாக வருவார்கள் என்பதும் இல்லை. எங்கள் திட்டத்தில் முகநூலும் வட்ஸ்அப்பும் ஆட்களை அழைத்து வரும் வழிகள். விபரமும் விலையும் கட்டளையும் இருக்கும் இடம் தளம்.

ஆறு பக்கங்கள், ஒடுங்கிய தாள்

பெரிய தளம் எங்களுக்குத் தேவையில்லை. ஆறு பக்கங்கள் போதும்: முதற்பக்கம், சாறன்களின் பட்டியல், ஒவ்வொரு சாறனுக்கும் உரிய பொருட்பக்கம், எம்மைப் பற்றி, அனுப்புதலும் திருப்புதலும், தொடர்பு. எந்தப் பக்கத்திலிருந்து எதற்குப் போகலாம் என்று கோடு போட்டு இணைத்தேன். முதற்பக்கத்திலிருந்து கட்டளையிடும் இடத்துக்கு மூன்று தட்டல்களில் போய்ச் சேர வேண்டும் என்பது விதி.

கொப்பித் தாளை முழு அகலத்தில் பாவிக்கவில்லை. கையடக்கத் தொலைபேசியின் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் அதில் வரைந்தேன். எங்களிடம் வாங்குபவர்களில் அநேகர் தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். அகலமான கணினித் திரைக்கு வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கினால் எழுத்துகள் நெருங்கிவிடும்.

வரைந்த தாள்களை மூத்தம்மாவின் முன்னால் வைத்து, “இது ஃபோன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க, ஒரு சாறன் வாங்குங்க பாப்பம்” என்றேன். அவர் விரலால் தட்டத் தட்ட, நான் அடுத்த தாளை எடுத்து வைத்தேன். பட்டியலுக்கு வந்தார், ஒரு சாறனைத் தட்டினார், பொருட்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு, “விலை இருக்கு, அளவு இருக்கு. இது கையில நெஞ்சது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் புள்ள?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத் தறியில் பாதி நெய்த நிலையில் இருக்கும் சாறனின் படத்தை ஒவ்வொரு பொருட்பக்கத்திலும் சேர்த்தோம். தாளில் அதைச் சேர்க்க ஐந்து நிமிடம். தளம் கட்டி முடிந்த பிறகு என்றால் காசும் நாளும் போயிருக்கும்.

‘எம்மைப் பற்றி’ என்ற பக்கத்தில் புகழ்ச்சி வேண்டாம் என்று முடிவு செய்தோம். “தரமே எமது தாரக மந்திரம்” என்று எழுதாத கடை எது? அதற்குப் பதிலாக நடந்ததை எழுதினோம். சாச்சி பதினாறு வயதில் தன் உம்மாவிடம் நெசவு பழகியது, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்தத் தறி போனது, பிறகு இரண்டு தறிகளோடு மீண்டும் தொடங்கியது, ஒரு நாளைக்கு ஒரு தறியில் இரண்டு சாறன் நெய்ய முடியும் என்பது. வாங்குபவருக்கு நம்பிக்கை தருபவை இவைதான்.

படமும் குறையும்

படத்தைக் காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால், வடிகட்டி எதுவும் போடாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சாறனுக்கும் நான்கு படங்கள்: முழுதாக விரித்தது, கரை, நெசவு தெரியும்படி மிக அருகில் எடுத்தது, ஒருவர் உடுத்திருப்பது. அளவை அளவுநாடாவால் அளந்து அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும் எழுத வேண்டும். “பெரியது”, “நடுத்தரம்” என்று எழுதினால் கேள்வி திரும்பவும் வட்ஸ்அப்புக்கே வரும்.

படத்தின் கனத்தையும் பாருங்கள். தொலைபேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் இருந்தால், பன்னிரண்டு படங்கள் உள்ள பக்கம் 48 மெகாபைட். பார்க்க வருபவரின் டேட்டாவை நாங்களே தின்றுவிடுவோம். பக்கம் திறக்கும் வரை அவரும் காத்திருக்கமாட்டார். ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குக் குறைத்தால் மொத்தம் 2.4 மெகாபைட்தான். தொலைபேசித் திரையில் வித்தியாசம் தெரியாது.

கைத்தறித் துணியில் சிறு முடிச்சு இருக்கும். ஒரு தடவை தோய்த்த சாயத்துக்கும் அடுத்த தடவைக்கும் நிறம் மயிரிழை மாறும். இதை எழுதுவதா, மறைப்பதா என்று வீட்டில் சிறு விவாதம் வந்தது. எழுதினால் வாங்கமாட்டார்கள் என்று ஒரு கருத்து. உம்மா நாம் எல்லோரும் அறிந்த சம்பவம் ஒன்றை நினைவுபடுத்தினார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. நனைந்த பகுதியை மக்களின் கண்ணில் படும்படி மேலே வைக்காததை அவர்கள் கண்டித்தார்கள். அந்தச் சந்தையில் கையை விட்டுப் பார்க்க முடிந்தது. இணையத்தில் அதற்கு வழியில்லை. எனவே ஈரத்தை மேலே எடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு விற்பவரிடம் இன்னும் கூடுகிறது. முடிச்சையும் அருகிலிருந்து படம் எடுத்துப் போட்டு, “கைநெசவில் இப்படி இருக்கும்” என்று எழுதினோம். மூத்தம்மாவின் கேள்விக்கும் அதுவே நல்ல பதிலாகிவிட்டது.

சட்டமும் இதையே வேண்டுகிறது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, ஓர் ஒப்பந்தம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அது செல்லாது என்று ஆகிவிடாது. தளத்தில் எழுதும் வாக்கு, கடையில் சொல்லும் வாக்கைப் போலவே எம்மைக் கட்டும்.

கணக்கு

இனித்தான் “எவ்வளவு முடியும்?” என்ற கேள்வி. கீழே உள்ளவை எங்கள் வீட்டுக் கணக்கு. நூல் விலை மாறினால் இவையும் மாறும். முறையை மட்டும் பாருங்கள்.

ஒரு சாறனின் தள விலை 2,600 ரூபா.
நூலும் சாயமும் 1,150 ரூபா.
நெசவுக் கூலி 500 ரூபா.
பையும் சிட்டையும் 70 ரூபா.
அட்டைக் கொடுப்பனவுக் கட்டணம் 3 சதவீதம் என்று கொண்டால் 78 ரூபா.
மாறும் செலவு மொத்தம் 1,798 ரூபா. ஆகவே ஒரு சாறனின் பங்களிப்பு 802 ரூபா.

ஆண்டுக்கான நிலையான செலவு: முகவரியும் தளத்தை வைத்திருக்கும் இடமும் 18,000, இணைய இணைப்பு 12,000, படம் எடுக்கும் சாமான்கள் 4,000. மொத்தம் 34,000 ரூபா. இதை 802ஆல் வகுத்தால் 42.4 வரும். அதாவது 43 சாறன் விற்றால் தளம் தன் செலவை மீட்டுவிடும். கணக்கீட்டில் நாம் படிக்கும் சமப்பாட்டுப் புள்ளி இதுதான். மாதத்துக்கு நான்குக்கும் குறைவு.

இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பொருளியலில் படிக்கும் அமையச் செலவை இதற்குள் கொண்டுவர வேண்டும். முதலாளி ஒரு சாறனை 2,000 ரூபாவுக்கு எடுக்கிறார். அவருக்கு விற்றால் நூல், சாயம், கூலி போக 350 ரூபா மிஞ்சும். எனவே அவர் எடுக்கத் தயாராக இருக்கும் சாறனை இணையத்தில் விற்றால் மேலதிகமாகக் கிடைப்பது 452 ரூபாதான். 34,000ஐ 452ஆல் வகுத்தால் 76 சாறன் விற்ற பிறகே இணையம் முதலாளியைவிட மேல் என்று சொல்லலாம். ஆனால் அலுமாரியில் கிடக்கும் சாறனை அவர் எடுப்பதில்லை. அவற்றுக்கு 43 என்ற எண்ணே பொருந்தும். ஒரே தளம், ஒரே விலை. எதற்குப் பதிலாக விற்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

முதல் ஆண்டின் இலக்காக மாதத்துக்கு 8 சாறன் என்று வைத்தோம். ஆண்டுக்கு 96. அவற்றின் பங்களிப்பு 76,992 ரூபா, நிலையான செலவு போக மிஞ்சுவது 42,992 ரூபா. பெரிய தொகையல்ல. யாரையும் பணக்காரராக்காது. ஆனால் கூலி ஏற்கனவே கழிக்கப்பட்டுவிட்டது. இந்த எண்களைப் பார்த்த பிறகு சாச்சி எடுத்த முடிவு: இரண்டாவது தறியை ஓராண்டு விற்பதில்லை. முதலாளிக்கு வழமைபோல் கொடுப்பது. மாமி வாரத்தில் மூன்று நாள் நெய்வது. இயந்திரச் சாறனோடு போட்டியிடும் சாதாரணக் கட்டங்களை விட்டு, கரை வேலைப்பாடுள்ளவற்றை அந்தத் தறியில் போடுவது. அலுமாரியில் ஏற்கனவே உள்ளவற்றில் பன்னிரண்டு வகைகளைத் தெரிந்து தளத்தைத் தொடங்குவது.

பணமும் பொதியும்

பணம் பெறும் வழிகளைத் திட்டத்திலேயே எழுதுங்கள். வங்கி வைப்பு, லங்கா கியூஆர், அட்டைக் கொடுப்பனவு, பொருளைக் கையில் பெற்ற பிறகு பணம் ஆகிய நான்கும் இங்கே வழக்கத்தில் உள்ளன. அட்டை இலக்கங்களை நம் தளத்தில் வாங்கி வைக்கக் கூடாது. அதற்கென உள்ள கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்துக்கு வாங்குபவரை அனுப்ப வேண்டும். தளத்தின் முகவரி ‘எச்.ரீ.ரீ.பி.எஸ்’ என்று தொடங்குவதையும் உறுதிசெய்யுங்கள். தட்டச்சிடும் விபரம் இடைவழியில் பிறர் வாசிக்க முடியாதவாறு செல்வதற்கு அது தேவை.

நம் மக்கள் அதிகம் நம்புவது கையில் பெற்ற பிறகு பணம் கொடுப்பதைத்தான். ஆனால் பொதியை ஏற்க மறுத்தால் போக 400, வர 400 என்று 800 ரூபா நமக்குச் செலவு. ஒரு சாறனின் முழுப் பங்களிப்பும் அதோடு போய்விடும். ஆகவே தொலைபேசியில் உறுதிப்படுத்திய பிறகே அனுப்புவது என்று எழுதினோம்.

வங்கியில் பணம் போட்டதாகச் சிட்டையின் படத்தை அனுப்புபவர்களிடமும் கவனம் தேவை. படத்தை மாற்றுவது மிக இலகு. கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பிறகே பொதி கட்ட வேண்டும். “உடனடியாக அனுப்புவோம்” என்று எழுதுவதைவிட, “இருப்பில் உள்ளது ஐந்து வேலை நாட்களில், நெய்து தர வேண்டியது மூன்று வாரத்தில்” என்று எழுதுங்கள். யார் செய்தி பார்ப்பது, யார் பொதி கட்டுவது, யார் தபாற் கந்தோருக்குக் கொண்டு போவது என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் இல்லாத வேலை யாருடைய வேலையும் இல்லை.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

மகள் இணையத்தில் வியாபாரம் செய்யப் போகிறாள் என்றால் பெற்றோருக்குப் பயம் வருவது இயல்பு. எங்கள் வீட்டிலும் வந்தது. அந்தப் பயத்துக்கு உரிய பதில்களையும் திட்டத்துக்குள் எழுதலாம். நாங்கள் எழுதியவை:

• வியாபாரத்துக்குத் தனியான தொலைபேசி இலக்கம். வீட்டாரின் சொந்த இலக்கம் எங்கும் வராது.
• தளத்தில் வீட்டின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடம் இல்லை. ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வது.
• தறியில் வேலை செய்யும் கைகளின் படம் போதும். முகம் தேவையில்லை. சாறன் உடுத்துக் காட்டுவது என் தம்பி. அவன் படமும் இடுப்புக்குக் கீழ்தான்.
• செய்திகளுக்குப் பதில் அனுப்பும் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. தளத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும்.
• கடவுச்சொல் சாச்சியிடமும் வாப்பாவிடமும் இருக்கும். இரண்டு படி சரிபார்ப்பு போடப்பட்டிருக்கும். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்வதில்லை.

எம்மைக் காப்பது போலவே வாங்குபவரையும் காக்க வேண்டும். அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எம்மிடம் அமானிதமாக வருகின்றன. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டத்தைப் பார்க்காவிட்டாலும், பொதி அனுப்பத் தேவையில்லாத எதையும் கேட்காமலிருப்பது நல்ல பழக்கம். சாறன் வாங்குபவரின் பிறந்த திகதி எங்களுக்கு எதற்கு?

பெற்றோரே, வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னர் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் “எழுதிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்புங்கள். வாப்பா என் கணக்கை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். அமையச் செலவு அதற்குள் வந்தது இரண்டாவது தடவையில்தான்.

திட்டத்தின் கடைசித் தாள்

கடைசித் தாளில் இரண்டு திகதிகளை எழுதுங்கள். ஒன்று தளம் திறக்கும் நாள். மற்றது, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் நாள். எங்கள் கொப்பியில் இரண்டாவது திகதியின் அருகே, “ஆறு மாதத்தில் 24 சாறனுக்குக் குறைவு என்றால் தளத்தைப் புதுப்பிப்பதில்லை” என்று இருக்கிறது. இலக்கின் பாதி அது. இதை இப்போதே எழுதி வைத்தால், பிறகு ஆசையின் பேரில் மேலும் மேலும் காசு போட மாட்டோம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து, தளம் வேண்டாம், வட்ஸ்அப் பட்டியலே போதும் என்று விடை வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியின் விலையில் பல்லாயிரம் ரூபாவை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். வேண்டும் என்று விடை வந்தால், தளம் செய்து தருபவரிடம் அந்தக் கொப்பியோடு போங்கள். “ஒரு வெப்சைட் செய்யணும்” என்று சொல்லிப் போகிறவருக்கு அவர் தன்னிடம் உள்ளதைக் கொடுப்பார். ஆறு பக்கங்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் வர வேண்டிய வசனத்தை எழுதிக் கொண்டு போகிறவருக்கு, கேட்டதைத்தான் அவர் கொடுக்க வேண்டியிருக்கும்.